ஒரு படத்துக்கு மூன்று அளவுகள்

மென்பொருள் துறையில் வேலை பார்ப்பவன் என்று தெரிந்தால் போதும், உறவினர் வீடுகளில் பிரிண்டரிலிருந்து மிக்ஸி வரை எது மக்கர் செய்தாலும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். "படம் மெயிலில் போகமாட்டேங்குது", "படத்தை ஏற்றினால் அளவு தப்புன்னு சொல்லுது" என்கிற கேள்விகளுக்கு நானும் பல வருடங்களாகத் தொலைபேசியிலேயே பதில் சொல்லி வந்திருக்கிறேன். விஷயம் தெரிந்தவன் என்ற நினைப்புத்தான். எங்கள் வீட்டுப் படம் ஒன்றை வைத்துக்கொண்டு வரிசையாக மூன்று தப்புகள் செய்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது. நான் பட்ட பாடு மற்றவர்களுக்காவது உதவட்டும் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

அப்பா காலமாகி ஒரு வருடம் ஆகவிருந்த சமயம். தலைத்திவசத்துக்கு முன்னால் அவர் படத்தைப் பெரிதாகப் போட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்று அம்மா சொன்னார். அப்பாவுக்குப் படம் எடுத்துக்கொள்வதே பிடிக்காது. ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் என்று எதை எடுத்தாலும் யாரோ அவரை அதட்டியது போலவே இருப்பார். அவர் வாய்விட்டுச் சிரிக்கிற படம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. 2013 மே மாதம் என் எம்.எஸ். பட்டமளிப்புக்காக இருவரும் அமெரிக்கா வந்திருந்தபோது, என் கேமராவில் நண்பன் எடுத்தது. நாங்கள் ஐந்து பேர் நிற்கிற படத்தில் ஓரத்தில் அப்பா. "அந்தப் படத்தையே போட்டுடுப்பா" என்றார் அம்மா.

மடிக்கணினியில் இருந்த படத்தைத் திறந்து, அப்பாவை மட்டும் வெட்டியெடுத்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி, 'எக்ஸ்போர்ட்' பொத்தானைச் சொடுக்கி, ஊரில் உள்ள ஸ்டுடியோவுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். பத்து நிமிட வேலை. 12க்கு 18 அங்குலத்தில் போடச் சொல்லியிருந்தேன்.

மறுநாள் காலை ஸ்டுடியோக்காரர் கூப்பிட்டார். "சார், படம் ரொம்பச் சின்னதா இருக்கு. பெரிசு பண்ணினா மூஞ்சி கலங்குது. முந்நூறு டிபிஐல அனுப்புங்க."

அங்கே ஆரம்பித்தது.

கோலமும் புள்ளியும்

நம்மை மாட்டவைப்பது 'அளவு' என்கிற சொல்தான். கணினியில் உள்ள ஒரு படத்துக்கு மூன்று வெவ்வேறு அளவுகள் உண்டு. மூன்றையும் நாம் 'சைஸ்' என்றே சொல்கிறோம். புள்ளிக்கோலத்தை நினைத்துக்கொண்டால் எளிதில் பிடிபடும்.

முதலாவது, எத்தனை புள்ளி. பதினைந்து புள்ளி பதினைந்து வரிசை என்று கோலத்துக்குச் சொல்வதைப்போல, படத்துக்கு அகலத்தில் இத்தனை, உயரத்தில் இத்தனை பிக்ஸல் என்று கணக்கு. படத்தில் உள்ள விவரம் அனைத்தும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

இரண்டாவது, புள்ளிக்குப் புள்ளி எவ்வளவு இடைவெளி. அதே பதினைந்து புள்ளிக் கோலத்தை நெருக்கி வைத்தால் பூஜையறையில் அடங்கும். விலக்கி வைத்தால் வாசலை அடைக்கும். படத்தை அச்சிடும்போது ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்ஸலை நெருக்கி வைப்பது என்கிற எண் இதுதான். சரியாகச் சொன்னால் பிபிஐ. கடைகளில் டிபிஐ என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

மூன்றாவது, எவ்வளவு மாவு செலவானது. அதாவது கோப்பு வட்டில் எத்தனை கிலோபைட் அல்லது மெகாபைட் இடத்தைப் பிடிக்கிறது என்பது.

இந்த மூன்றில் ஒன்றை மாற்றினால் மற்றவை மாறியே தீரும் என்பதில்லை. எதைப் பற்றிப் புகார் வந்திருக்கிறது என்று தெரியாமல் வேறொன்றைத் திருகினால் என் கதிதான்.

முதல் தப்பு: எண்ணை மட்டும் மாற்றியது

ஸ்டுடியோக்காரர் முந்நூறு என்றார் அல்லவா? திறந்து பார்த்தேன், 72 என்று இருந்தது. ஆகா, இதுதான் கோளாறு என்று அதை 300 ஆக்கித் திருப்பி அனுப்பினேன். அரை மணியில் மறுபடி போன்: "சார், இன்னும் சின்னதாயிடுச்சே!"

அவர் சொன்னது சரிதான். நான் அனுப்பிய படம் 683க்கு 1024 பிக்ஸல். அங்குலத்துக்கு 72 என்று எழுதியிருந்தபோது அது தன்னை ஒன்பதரைக்குப் பதினாலு அங்குலப் படம் என்று சொல்லிக்கொண்டது. 300 என்று எழுதியதும் இரண்டேகாலுக்கு மூன்றரை அங்குலம் ஆகிவிட்டது. இரண்டிலும் இருந்தது அதே ஏழு லட்சம் பிக்ஸல்தான். கோப்பின் கனமும் ஏறக்குறைய அதேதான். அந்த எண் கோப்பின் தலையில் ஒட்டிய ஒரு சீட்டு. அச்சிடுபவருக்கு "இப்படி நெருக்கி வை" என்று யோசனை சொல்கிறது, அவ்வளவே. ஒரு புள்ளியைக்கூட அது கூட்டாது. திரையில் பார்ப்பதற்கோ இந்தச் சீட்டால் எந்தப் பயனும் இல்லை.

இரண்டாவது தப்பு: இல்லாத புள்ளியை வளர்த்தது

சரி, பிக்ஸல்தானே போதவில்லை, கூட்டிவிடலாம் என்று அடுத்த யோசனை. ஃபோட்டோஷாப்பில் 'இமேஜ் சைஸ்' பெட்டியில் 'ரீசாம்பிள்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் இல்லாமல் 72ஐ 300 ஆக்கினால் சீட்டு மட்டும் மாறும். டிக் வைத்து மாற்றினால் அங்குல அளவை அப்படியே வைத்துக்கொண்டு புதுப் பிக்ஸல்களை உண்டாக்கும். கிம்ப்பில் இந்த இரண்டும் தனித்தனி: 'பிரிண்ட் சைஸ்' சீட்டை மாற்றும், 'ஸ்கேல் இமேஜ்' புள்ளிகளை மாற்றும்.

டிக் வைத்தேன். 683க்கு 1024 என்பது 2846க்கு 4267 ஆனது. ஏழு லட்சம் பிக்ஸல் ஒரே சொடுக்கில் ஒரு கோடியே இருபத்தொரு லட்சம்! ஆனால் புதிதாக வந்த ஒரு கோடியே பதினாலு லட்சமும் எங்கிருந்து வந்தன? பக்கத்துப் பிக்ஸல்களின் நிறங்களைச் சராசரி பார்த்து மென்பொருள் ஊகித்தவை. அப்பாவின் கண்ணோரச் சுருக்கம் அந்த ஏழு லட்சத்தில் இல்லையென்றால், சராசரி போட்டால் வந்துவிடாது. இப்போதெல்லாம் செயற்கை நுண்ணறிவை வைத்துப் பெரிதாக்கும் மென்பொருட்கள் வந்துவிட்டன. அவை பளிச்சென்று ஒரு முகத்தைத் தரும். அதையும் செய்து பார்த்தேன். தோல் வழவழப்பாக, பல்வரிசை ஒழுங்காக, அழகாகத்தான் இருந்தது. அம்மாவுக்கு அனுப்பினேன். "யாருப்பா இது? உங்க சித்தப்பா மாதிரி இருக்கு" என்றார்.

மூலகாரணம்

அப்போதுதான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். 1024 என்கிற எண் எங்கிருந்து வந்தது?

ஏற்றுமதிப் பெட்டியைத் திறந்து பார்த்தால் அங்கே உட்கார்ந்திருந்தது. நீளப் பக்கம் 1024 என்று எப்போதோ நண்பர்களுக்கு மின்னஞ்சலில் படம் அனுப்புவதற்காக நானே கொடுத்த அளவு. இத்தகைய மென்பொருட்களில் பல, கடைசியாகக் கொடுத்த அளவையே நினைவில் வைத்திருந்து அடுத்த முறையும் அதையே பயன்படுத்தும். லைட்ரூமில் 'ரீசைஸ் டு ஃபிட்' என்ற கட்டத்தைப் பாருங்கள். அதில் டிக் இருந்தால் உங்கள் படம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அங்கே எழுதியிருக்கிற அளவுக்குக் குறுக்கப்படும்.

என் கண்ணில் ஏன் படவில்லை? திரையில் பார்த்தபோது நன்றாகத்தானே இருந்தது! 1080 பிக்ஸல் உயரமுள்ள திரையில் 1024 உயரப் படம் கிட்டத்தட்ட முழுத்திரைக்கு நிற்கும். 'திரைக்குப் பொருத்து' என்ற நிலையில் சின்ன படமும் பெரிய படமும் ஒன்று போலவே காட்சி தரும். ஆகவே ஏற்றுமதி செய்த கோப்பைத் தனியாகத் திறந்து, 100 சதவிகிதத்தில் பார்க்க வேண்டும். கோப்பின் பண்புகளில் பிக்ஸல் எண்ணிக்கையையும் படித்துவிட வேண்டும்.

சரி, மூலப்படத்திலிருந்து மறுபடி ஏற்றுமதி செய்தால் தீர்ந்தது என்று போனால் அடுத்த இடி. மடிக்கணினியில் 'மூலப்படம்' என்று நான் நம்பிக்கொண்டிருந்ததும் குறுக்கப்பட்டதே. எந்த வருடமோ சுற்றுக்கு அனுப்பிய படத்தை அதே பெயரில் அதே இடத்தில் சேமித்து, பெரியதன் மேல் சின்னதை எழுதியிருக்கிறேன். அதாவது அப்பா சிரித்த ஒரே படத்தை நானே சுருக்கிவிட்டிருந்தேன். அன்றிரவு தூங்கவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

2012ல் கிம்ப் 2.8 வெளிவந்தபோது 'சேவ்' என்றால் அதன் சொந்த எக்ஸ்சிஎஃப் வடிவம் மட்டும்தான், ஜேபெக் வேண்டுமென்றால் 'எக்ஸ்போர்ட்' என்று இரண்டையும் பிரித்தார்கள். 'ஒரு படத்தைச் சேமிக்க இத்தனை சுற்றா' என்று அப்போது எரிச்சல் பட்டவர்களில் நானும் ஒருவன். அந்தப் பிரிவினையின் அருமை அந்த இரவில் புரிந்தது. சேமிப்பது நமக்கு. ஏற்றுமதி பிறருக்கு. பிறருக்குக் கொடுப்பது பிரதி மட்டுமே. அது சின்னதாக இருக்கலாம், கனம் குறைந்ததாக இருக்கலாம். மூலத்தில் மட்டும் கைவைக்கக் கூடாது.

இரண்டு நாள் தேடலுக்குப் பின், மேசை இழுப்பறையில் பேட்டரி செத்துக் கிடந்த பழைய கேமராவுக்குள்ளேயே அந்த நினைவட்டை கிடைத்தது. 4608க்கு 3456 பிக்ஸல், ஒரு கோடியே ஐம்பத்தொன்பது லட்சம். அதில் அப்பாவை மட்டும் வெட்டியெடுத்தபோது 1600க்கு 2400 கிடைத்தது.

மூன்றாவது தப்பு: போகும் வழியில் குறுகியது

இனி கவலையில்லை என்று கைப்பேசியின் செய்திச் செயலி வழியே ஸ்டுடியோவுக்கு அனுப்பினேன். மறுபடியும், "சார், படம்..." என்று போன். செய்திச் செயலிகள் பொதுவாகப் படத்தைப் படமாக அனுப்பினால் வேகத்துக்காகத் தாங்களே குறுக்கி, அழுத்தி அனுப்பும். அதே கோப்பை 'டாக்குமெண்ட்' என்ற வழியில் இணைத்தால் தொடாமல் அப்படியே அனுப்பும். மின்னஞ்சல் இணைப்பும் கோப்பைக் குறுக்காது. சில மின்னஞ்சல் செயலிகள் 'சின்னதாக்கி அனுப்பவா' என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லவும். இன்னொன்று, இணைப்புகள் பயணத்துக்காக எழுத்து வடிவில் மாற்றப்படும்போது சுமார் மூன்றில் ஒரு பங்கு கனம் கூடும். வரம்பையொட்டிய கோப்பு சில நேரம் திரும்பி வருவது இதனால்தான்.

எவ்வளவு இருந்தால் போதும்?

1600 பிக்ஸலை 12 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 133. ஸ்டுடியோக்காரர் கேட்ட முந்நூறில் பாதிகூட இல்லை. போதுமா?

முந்நூறு என்பது வானத்திலிருந்து விழுந்த எண் அல்ல. நல்ல பார்வை உள்ள ஒருவர் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணத்தை, சுமாராகப் பிரித்தறிய முடியும். ஓரடி தூரத்தில் பிடித்துப் பார்க்கும் படத்துக்கு இதை அங்குலக் கணக்காக மாற்றினால் அங்குலத்துக்கு 286 புள்ளி வருகிறது. அதைத்தான் முழு எண்ணாக 300 என்கிறார்கள். தூரம் கூடக்கூடத் தேவை குறையும். 3438 என்ற எண்ணை, பார்க்கும் தூரத்தால் (அங்குலத்தில்) வகுத்தால் அந்தத் தூரத்துக்கு எத்தனை பிபிஐ வேண்டும் என்று வந்துவிடும். நெடுஞ்சாலைப் பேனர்கள் மிகக் குறைந்த பிபிஐயில் அச்சாகியும் நம் கண்ணுக்கு நன்றாகத் தெரிவது இதனால்தான்.

இதையே திருப்பிப் போட்டேன். நான் முதலில் அனுப்பிய படம் 12 அங்குல அகலத்தில் 57 பிபிஐ. 3438ஐ 57ஆல் வகுத்தால் 60 அங்குலம். ஐந்தடி தள்ளி நின்று பார்த்தால் அந்தப் படமேகூட உறுத்தாது. அம்மா ஐந்தடி தள்ளி நின்றா பார்ப்பார்? தினமும் பூ வைப்பார், விளக்கேற்றுவார், தூசி துடைப்பார். 133 பிபிஐ என்றால் கிட்டத்தட்ட 26 அங்குலம், இரண்டடிக்குச் சற்று மேல். கை நீட்டினால் தொடும் தூரம். அது போதும் என்று முடிவு செய்து ஸ்டுடியோக்காரரிடம், "முந்நூறு வேண்டாம், இருப்பதை வைத்துப் போடுங்கள்" என்றேன். அரை மனதோடுதான் போட்டார். போட்டபின் அவரே படம் பிடித்து அனுப்பி, "நல்லா வந்திருக்கு சார்" என்றார்.

எதிர்ப்பக்கத் தொல்லை: படம் பெரிசு

திவசம் முடிந்து அம்மாவை எங்களோடு சில மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று அமெரிக்க விசாவுக்கு டிஎஸ்-160 விண்ணப்பத்தை நிரப்பினேன். அதற்கான படத்தின் விதி: சதுரம், 600க்கு 600லிருந்து 1200க்கு 1200 பிக்ஸல் வரை, ஜேபெக், 240 கிலோபைட்டுக்கு மிகாமல். கவனியுங்கள், ஒரே விதியில் நம் முதல் அளவும் மூன்றாவது அளவும் தனித்தனியாக வருகின்றன. அச்சடித்த இரண்டுக்கு இரண்டு அங்குலப் படத்தை ஸ்கேன் செய்வதானால் 300 பிபிஐ என்கிறார்கள். இரண்டு முந்நூறு அறுநூறு, கணக்கு பொருந்துகிறது.

தம்பி கைப்பேசியில் எடுத்து அனுப்பிய படம் 3024க்கு 4032. அகலம் உயரம் இரண்டையும் 1200 என்று தட்டினால் அம்மாவின் முகம் பூசணிக்காய் போல அகலமாகிவிடும். முதலில் சதுரமாக வெட்ட வேண்டும், பிறகுதான் குறுக்க வேண்டும். அகல உயர எண்களுக்கு நடுவே உள்ள சங்கிலிச் சின்னம் பூட்டியே இருக்கட்டும். வெட்டுவது, குறுக்குவது தவிர வேறெந்த ஒப்பனையும் விசா படத்தில் செய்யக் கூடாது.

1200க்கு 1200 ஆக்கித் தரம் 100 என்று ஏற்றுமதி செய்தேன். 640 கிலோபைட். மறுத்துவிட்டது. இங்கே பிபிஐ எண்ணைக் குறைத்துப் பயனில்லை, அது வெறும் சீட்டு. பிஎன்ஜி ஆக்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். எதையும் இழக்காமல் சேமிக்கும் வடிவம் அது. கோடுகளுக்கும் எழுத்துகளுக்கும் உகந்தது, புகைப்படத்துக்குக் கனம் கூடும். 2017 முதல் ஐஃபோன்கள் தரும் ஹெச்இஐசி கோப்பின் வால்பெயரை மட்டும் 'ஜேபிஜி' என்று மாற்றி ஏமாற்றவும் முடியாது. திறந்து, ஜேபெக்காக ஏற்றுமதிதான் செய்ய வேண்டும்.

திருக வேண்டியது 'தரம்' என்ற குமிழை. இந்த 1200க்கு 1200 படத்தை அழுத்தாமல் வைத்தால், பிக்ஸலுக்கு மூன்று பைட் வீதம் 43 லட்சத்து 20 ஆயிரம் பைட் வேண்டும். 1992ல் வகுக்கப்பட்ட ஜேபெக் முறை, படத்தை எட்டுக்கு எட்டு பிக்ஸல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய மாற்றங்களைத் தோராயமாக்கி எறிந்துவிடுகிறது. எவ்வளவு தாராளமாக எறியலாம் என்பதே தரம் என்கிற எண். அது சதவிகிதம் அல்ல. ஃபோட்டோஷாப்பின் 'சேவ் ஆஸ்' பெட்டியில் 0 முதல் 12 வரை, கிம்ப்பில் 0 முதல் 100 வரை. ஒன்றின் 80 இன்னொன்றின் 80 ஆகாது. 100லிருந்து 85க்கு இறக்கினேன். படம் 210 கிலோபைட் ஆனது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. தளமும் ஏற்றுக்கொண்டது.

ஒரே பிக்ஸல், ஒரே தரம் என்றாலும் எல்லாப் படமும் ஒரே கனம் இருக்காது. வெள்ளைச் சுவர் முன் நிற்கும் முகம் லேசாக இருக்கும். வேப்பமரத்தடியில் எடுத்தால் ஒவ்வோர் இலைக்கும் மாவு செலவாகும். லைட்ரூமில் 'லிமிட் ஃபைல் சைஸ்' என்று கிலோபைட்டை நேரடியாகக் கொடுத்துவிடலாம். அது தரத்தைக் குறைத்துத்தான் கனத்தைக் குறைக்கும், பிக்ஸலைக் குறைக்காது. பெரிய படத்துக்கு மிகச் சின்ன வரம்பு கொடுத்தால் முடியாது என்று நின்றுவிடும். அப்போது பிக்ஸலை நாம் குறைக்க வேண்டும். எதைச் செய்தாலும் ஒவ்வொரு முயற்சியும் மூலத்திலிருந்தே தொடங்கட்டும். ஜேபெக்கைத் திறந்து திருத்தி ஜேபெக்காகவே மீண்டும் மீண்டும் சேமித்தால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் இழப்போம்.

சுருக்கமாக

அடுத்த முறை 'சைஸ் சரியில்லை' என்று யாராவது சொன்னால், இந்த வரிசையில் பாருங்கள்.

1. எந்த அளவைச் சொல்கிறார்கள்? பிக்ஸலா, அங்குலமா, கிலோபைட்டா? முதலில் அதைக் கேட்டுவிடுங்கள்.

2. ஏற்றுமதியான கோப்பின் பிக்ஸல் எண்ணிக்கையைப் பாருங்கள். எதிர்பார்த்ததைவிடக் குறைவா? ஏற்றுமதிப் பெட்டியில் பழைய அளவு உட்கார்ந்திருக்கும்.

3. அங்குலக் கணக்கு இடித்தால் சீட்டை மாற்றினால் போதும். பிக்ஸலே போதவில்லையென்றால் மூலத்துக்குப் போங்கள், ஊதிப் பெரிதாக்க வேண்டாம்.

4. கிலோபைட் அதிகமென்றால் முதலில் தரம், அடுத்து பிக்ஸல். பிபிஐயைத் தொட வேண்டாம்.

5. உங்களிடம் சரியாக இருந்து அவர்களிடம் சின்னதாக இருந்தால், அனுப்பிய வழியைச் சந்தேகியுங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு காரியம். உங்கள் வீட்டில் ஒருவருக்கு ஒரே ஒரு நல்ல படம்தான் இருக்கிறதென்றால், அதன் மூலக்கோப்பு எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடிப் பிக்ஸல் எண்ணிக்கையைப் பார்த்துவிடுங்கள். இரண்டு மூன்று இடங்களில் பிரதியெடுத்து வையுங்கள். பேட்டரி செத்த கேமரா எல்லார் வீட்டு இழுப்பறையிலும் கிடக்கும் என்று சொல்ல முடியாது.

படம் மாட்டிய அன்று அம்மா தொலைபேசியில் சொன்னார்: "கிட்டப் போய்ப் பார்த்தேன்ப்பா. கண்ணோரச் சுருக்கம் கூடத் தெரியுது."